மாப்பிள்ளை சமைத்த காளான் கறி

அறுபதுகளின் தொடக்கத்தில், சிங்கப்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நான் தாதிப் பயிற்சியில் இருந்தேன். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. முகூர்த்தத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. மாப்பிள்ளை துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். பெண் பார்க்க வந்த அன்று காப்பித் தட்டை நீட்டும்போது ஓரக்கண்ணால் பார்த்ததுதான், அதற்குமேல் பழக்கமில்லை. சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில், ஒரு மாடியறையில் இரண்டு நண்பர்களோடு குடியிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் எனக்கு அவசரப் பிரிவில் வேலை. மூன்று வாலிபர்களை ஒரு லாரியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். ஓயாத வாந்தி, வயிற்றுப்போக்கு. நான் வாந்திச் சட்டியை எடுத்துக்கொண்டு முதல் கட்டிலுக்கு ஓடினேன். அதில் கவிழ்ந்திருந்த முகம் நிமிர்ந்தது. என் மாப்பிள்ளை! எங்கள் இரண்டாவது சந்திப்பு இப்படித்தான் நடந்தது!

அவரும் என்னைக் கண்டுகொண்டார். வெட்கத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, "சோறும் கறியும்" என்று சொல்லி மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். தொற்றுநோயாக இருக்குமோ என்று டாக்டருக்குச் சந்தேகம். அப்படியென்றால் தனி வார்டுதான், எங்கள் கல்யாணமும் அவ்வளவுதான். நான் கட்டிலருகே குனிந்தேன்.

"என்ன கறி? மறைக்காம சொல்லுங்க."

"காளான்," என்றார் முனகலாக. "ஃபேரர் பார்க் திடலுக்குப் பந்து விளையாடப் போனோம். மழைக்கு வெள்ளை வெள்ளையா முளைச்சிருந்துச்சு. ஊர்ல சாப்பிடுற மாதிரியேதான் இருந்துச்சு லா."

உடனே டாக்டரிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். திரும்பி வந்தால், மாப்பிள்ளை என் கையை எட்டிப் பிடித்தார். பிடி குளிர்ந்திருந்தது.

"கீழ் வீட்டுக்கும் கொஞ்சம் குடுத்தேங்க. அவங்களுக்குக் காளான்னா உசிரு."

"சாப்பிட்டுட்டாங்களா?"

"சாயங்காலத்துக்குன்னு எடுத்து வச்சாங்க. சின்னப் பிள்ளைங்க இருக்குதுங்க…"

கீழ் வீட்டில் இருந்தது ஒரு சீனத் தச்சரின் குடும்பம். வீட்டில் போன் இல்லை. எங்கள் தலைமைத் தாதியான வார்டு சிஸ்டர் கத்தோலிக்கத் தமிழர், பெரிய கண்டிப்புக்காரர். வேலை நேரத்தில் வாசலை எட்டிப் பார்த்தாலே திட்டுவார். விஷயத்தைச் சொன்னதும் அவர் அன்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"நிக்காத, ஓடு! மிச்சம் இருந்தா அதையும் எடுத்துட்டு வா. டாக்டர் பாக்கணும்."

சீருடையோடு தெருவுக்கு ஓடி ஒரு டாக்சியை மறித்தேன். வழியெல்லாம் 'இன்னும் விளக்கு வைக்கவில்லை, சாப்பிட்டிருக்க மாட்டார்கள்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். சந்துக்குள் நுழைந்தபோது அந்த வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. வட்ட மேசையைச் சுற்றிப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் முன்னாலும் கிண்ணம். கடைக்குட்டியின் கரண்டி வாய்க்கருகே போய்விட்டது.

எனக்குச் சீனம் தெரியாது. தெரிந்த அரைகுறை மலாயில், "ஜாங்கான் மாக்கான்! ராச்சுன்!" என்று கத்தினேன். சாப்பிடாதே, விஷம் என்று அர்த்தம். கத்திய வேகத்தில் கரண்டியைத் தட்டிவிட்டேன். கறி சிமெண்டுத் தரையில் சிதறியது. குழந்தை வீறிட்டது. அந்த அம்மா ஆவேசமாக எழுந்து என்னைத் தள்ளினார். முன்பின் தெரியாதவள் செருப்புக் காலோடு வீட்டுக்குள் புகுந்து பிள்ளைகளின் சோற்றைக் கொட்டினால் யார்தான் சும்மா இருப்பார்கள்? நான் மாடியைக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பதுபோல் நடித்தேன். "ஹோஸ்பிட்டால், ஹோஸ்பிட்டால்" என்றேன்.

புரிந்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. ஒவ்வொரு பிள்ளையின் வாயையும் திறந்து, விரலை விட்டுத் துழாவிப் பார்த்தார். ஒரு பருக்கைகூட உள்ளே போகவில்லை. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து என் கால்களைக் கட்டிக்கொண்டார். நானும் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன்.

பிறகு மாடிக்கு ஏறினேன். திறந்து கிடந்த அறையின் ஜன்னலோரம் சமைக்காத காளான்கள் கொஞ்சம் கிடந்தன. மேலே பால் போன்ற வெள்ளை. திருப்பிப் பார்த்தால் அடிமடிப்புகளில் பச்சை படர்ந்திருந்தது. அவற்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். அந்தப் பச்சையைப் பார்த்ததும் டாக்டர் விஷக் காளான்தான் என்றார். தொற்றுநோய்ப் பேச்சு நின்றது. உடம்பில் வற்றிப்போன நீரைச் சலைன் ஏற்றிச் சரிசெய்தார்கள். மறுநாள் காலையில் மூன்று பேரும் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார்கள்.

கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாம் என்று பெரியவர்கள் பேசினார்கள். மாப்பிள்ளை ஒப்புக்கொள்ளவே இல்லை. "எமன் வாசல் வரைக்கும் போயி வந்துட்டேன், கோயில் வாசலுக்கு வர மாட்டேனா?" என்றார். குறித்த முகூர்த்தத்தில், தொளதொளத்த சட்டையும் குழி விழுந்த கன்னமுமாக வந்து, மூன்று முடிச்சையும் அவரே அழுத்திப் போட்டார். கீழ் வீட்டுப் பிள்ளைகள் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு முன் வரிசையில் நின்றார்கள். அட்சதை போடச் சொன்னதும், கைகொள்ளும் மட்டும் அள்ளி எங்கள் மேல் வீசிக் கூச்சல் போட்டார்கள். மேளச் சத்தத்தையும் மீறி அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்டது.

பார்த்துப் பழகிய ஒன்றைப் போலவே இருப்பதுதான் ஆளை ஏமாற்றும் என்று அன்று கற்றுக்கொண்டேன். ஆனால் அதைவிட, வாய் திறந்து பேசவே கூச்சப்பட்ட ஒரு பெண் சரியான நேரத்தில் தெருவே அதிரக் கத்தினாள் என்ற நினைப்புதான் இந்த வயதிலும் என்னைத் தலை நிமிர்ந்து நடக்க வைக்கிறது.