ஆட்டுக்குட்டிக்கு நின்ற பஸ்

குன்னத்திலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில் ஒரு கண்டக்டர். ஒல்லியான ஆள். கை காட்டும் எல்லோருக்கும் வண்டியை நிறுத்துவார், ஒருவரைத் தவிர. மக்காச்சோளக் காட்டோரம் நிற்கும் அந்த வெள்ளை வேட்டிக்காரரைக் கண்டால் இரட்டை விசில் கொடுத்து நிற்காமல் போகவைப்பார்.

ஒருநாள் காரணம் கேட்டேன்.

“என் நாயைப் பாம்பு கடிச்சிருச்சு சார். பக்கத்து வூட்டுல இவன் மவன் கார் சும்மாதான் நின்னுச்சு. இவன்கிட்ட கெஞ்சினேன். நாயெல்லாம் ஏத்த முடியாதுன்னுட்டான். தோள்ல போட்டுக்கிட்டு நடந்தேன். மாட்டாஸ்பத்திரி வாசல்ல உசுரு போயிடுச்சு.”

அடுத்த மாதம் அதே மனிதர் வயிறு உப்பிய ஆட்டுக்குட்டியோடு நடுரோட்டில் நின்றார். கண்டக்டர் ஒற்றை விசில் கொடுத்து இறங்கினார். குட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு ஏறினார். உடனே இரட்டை விசில்.

“அவரும் வரட்டுமே” என்றேன்.

“ஆஸ்பத்திரிக்கு நடந்து வரட்டும் சார். நானும் அன்னிக்கு நடந்துதான் போனேன்.”

சொல்லிவிட்டு, மடியில் கிடந்த குட்டியின் வயிற்றைத் தடவத் தொடங்கினார். திரும்பியே பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த மனிதர் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடிவந்துகொண்டிருந்தார். பார்க்க எனக்கும் பிடித்திருந்தது. அதுதான் இன்னும் உறுத்துகிறது.