பாதிப் பாட்டில் கிட்டாரை நிறுத்தினேன்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு டிசம்பர் மாதம் பெங்களூருவில் நடந்தது இது. அப்போது விவேக் நகரில் குடியிருந்தேன். வார நாட்களில் பிள்ளைகளுக்கு கிட்டார் சொல்லிக்கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிப்பேன். அப்படிப்பட்டவனுக்கு, நாடே கொண்டாடிய ஒரு ராக் பாடகரின் குழுவில் இடம் கிடைத்தது. அவர் மும்பைக்காரர். பெயர் வேண்டாமே. ஊர் ஊராகப் போய் வாசித்துவிட்டு, கடைசி நிகழ்ச்சிக்கு என் சொந்த ஊருக்கே வந்து சேர்ந்தோம்.

அவருக்குப் பின்னால் நின்று வாசிப்பது லேசான வேலை இல்லை. ஒரே பாட்டை ஒருநாள் சட்டென்று முடிப்பார், மறுநாள் இழுத்துக்கொண்டே போவார். அவர் தோள் அசைவதைப் பார்த்துத்தான் நாங்கள் பாட்டின் அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். என்னைக் குழுவில் சேர்த்துவிட்ட கீபோர்டுக்காரர், அவரும் எங்கள் ஊர் அல்சூர்க்காரர்தான், முதல் நாளே எச்சரித்துவிட்டார்: “ஸ்ட்ரிங் அறுந்தாலும் சரி மச்சா, அவர் நிறுத்தாம நீ நிறுத்திடாத.” எனக்கு முன்னால் இருந்தவர் ஒருமுறை அப்படி நிறுத்தியதால்தான் அந்த இடமே காலியானதாம்.

அன்று சாயங்காலம் ஒரு கல்லூரி மைதானத்தில் நிகழ்ச்சி. மைதானம் கொள்ளாத கூட்டம். கேட்டைத் தள்ளிக்கொண்டும் ஆட்கள் உள்ளே வந்தார்கள். மேடைக்கு முன்னால் இரும்புத் தடுப்பு போட்டிருந்தார்கள். அவருடைய மிகப் பிரபலமான பாட்டை ஆரம்பித்ததும் மைதானமே கூச்சலிட்டது. எங்கே பார்த்தாலும் தூக்கிய கைகள்.

முதல் வரிசையில் பச்சைச் சுடிதார் போட்ட ஒரு பெண். அவளும் தடுப்பைக் கையால் தட்டிக்கொண்டிருந்தாள். ஏதோ சரியில்லை என்று தோன்றியது. எல்லோரும் டிரம்ஸுக்கு ஒத்துத் தட்ட, அவள் கை மட்டும் தாளத்தில் இல்லை. வாய் அசைந்தது, ஆனால் அது பாட்டின் வார்த்தை இல்லை. உற்றுப் பார்த்தேன். அவள் கத்திக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து வந்த நெருக்கலில் தடுப்பு மேடைப் பக்கமாக வளைந்திருந்தது. அங்கே நின்ற காவலாளிகள் பாடகரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கீபோர்டுக்காரரைக் கத்திக் கூப்பிட்டேன். அந்தச் சத்தத்தில் எங்கே கேட்கும்? பாடகர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். தந்திகள் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினேன்.

கிட்டார் நின்றதும் பாட்டு தடுமாறி நின்றது. பாடகர் திரும்பி என்னை எரிக்கிற மாதிரி பார்த்தார். நான் கீழே கையைக் காட்டினேன். அவர் முகம் வெளிறியது.

பின்னால் போகும்படி ஆங்கிலத்தில் கத்தினார். அதையும் ஆட்டத்தில் சேர்த்தி என்று நினைத்து ஜனங்கள் இன்னும் முன்னால் தள்ளினார்கள். அவர் என் கையைப் பிடித்து மைக் முன்னால் நிறுத்தி, “உன் ஊர்தானே, நீ பேசு” என்றார் இந்தியில்.

மேடையில் அதுவரை நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. “ஹிந்தே இரோரு எல்லா கூத்கொள்ளி!” என்று கன்னடத்தில் கத்தினேன். பிறகு அதையே தமிழில், “பின்னாடி இருக்கறவங்க எல்லாரும் உக்காருங்க! முன்னாடி மூச்சு விட முடியாம தவிக்கிறாங்க!” பதிலுக்கு விசில்தான் வந்தது. ஒரு தண்ணீர் பாட்டில் என் தோளில் வந்து விழுந்தது. திரும்பத் திரும்பச் சொன்னேன். யாரும் அசையவில்லை.

அப்போது பாடகர் மேடை நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எங்களையும் உட்காரச் சொன்னார். டிரம்மர்கூட இறங்கி வந்து தரையில் உட்கார்ந்தார். மைதானம் மெல்ல அடங்கியது. தூரத்தில் கடைசியில் இருந்தவர்கள் உட்கார்ந்தார்கள். அவர்களைப் பார்த்து அடுத்தவர்கள். நெருக்கல் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது.

கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு நானும் காவலாளிகளோடு சேர்ந்து ஆட்களை மேலே இழுத்தேன். பச்சைச் சுடிதார்ப் பெண்ணை மேடைப் பலகையில் கிடத்தியபோது துவண்டு கிடந்தாள். இருமினாள். கண் திறந்ததும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணா, என் ஃப்ரெண்டு கீழ விழுந்துட்டா. அவ இன்னும் அங்கதான் இருக்கா!”

பாடகருக்குச் சொன்னேன். நான் முடிப்பதற்குள் அவர் மேடையிலிருந்து குதித்திருந்தார். தடுப்பின் அடியில், கால்களுக்கு நடுவே சுருண்டு கிடந்தாள் அந்தத் தோழி. தடுப்பை நாங்கள் தூக்கிப் பிடிக்க, அவர் அவளை வெளியே எடுத்தார். மூச்சு இருந்தது. கணுக்கால் உடைந்திருந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது, ஒற்றைச் செருப்பைக் காணோம் என்று அழுதாளே, அதைக் கேட்டபிறகுதான் எனக்கும் மூச்சு வந்தது.

கூட்டம் திரும்ப முண்டியடிக்காமல் இருக்க, பாடகர் தரையில் உட்கார்ந்தபடியே மெதுவாகப் பாடினார். நான் மட்டும் வாசித்தேன். ஜனங்கள் வரிசை வரிசையாக வெளியேறினார்கள். நல்லவேளை, ஒரு உயிரும் போகவில்லை.

சாமான்களைக் கட்டும்போது, வேறு வேலை பார்த்துக்கொள்ளட்டுமா என்று கீபோர்டுக்காரரிடம் கேட்டேன்.

“சும்மா இரு மச்சா. அடுத்த டூருக்கு உன் பேரைத்தான் முதல்ல சொன்னாரு” என்றார்.

அந்த இரண்டு பெண்களும் இப்போது எங்கே இருக்கிறார்களோ, தெரியாது. ஆனால் கூட்டம் எவ்வளவுதான் ஆரவாரித்தாலும், அதற்குள் யாராவது உதவி கேட்டுக் கத்துகிறார்களா என்று ஒரு தடவை பார்க்காமல் இன்றுவரை என் விரல் தந்தியில் நிம்மதியாக நிற்பதில்லை.