இரத்தப் பரிசோதனைக்குச் சொல்லப் போனேன்

சில வருடங்களுக்கு முன் ஓர் ஆவணி மாதம், யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ரயில் பாதைக்கு அருகே உள்ள எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னச் சந்தில், நடந்தது இது.

நான் பத்தாம் வகுப்புவரைதான் படித்தேன். பேசவே கூச்சம். பஸ்ஸில் இறங்குமிடம் வந்தாலும் நிறுத்தச் சொல்ல வெட்கப்பட்டு, அடுத்த தரிப்பில் இறங்கி நடந்து வருவேன். கணவர் இறந்த பிறகு வெளியே போவது இன்னும் குறைந்தது. அவருக்குப் பிரஷர் இருந்ததே, வேலை செய்யும் இடத்தில் விழுந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. அதன்பின் அவர் எழும்பவில்லை.

அதற்கு அடுத்த வருடம்தான் ஒரு மருத்துவக் குழு வந்தது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மதில் கட்டிய பெரிய வீடுகள். எங்கள் பக்கம் தகரக் கூரைகளும் வாடகை அறைகளும். தீவுகள், கடற்கரை, மலையகம் என்று பல இடங்களிலிருந்து வந்து இருப்பவர்கள். எங்கள் பக்கத்தில் மட்டும் ஏன் இத்தனை பேருக்கு இளவயதிலேயே இதயமும் சிறுநீரகமும் பழுதாகின்றன என்று அறிய, இரண்டு பக்கத்தாரையும் வருடாவருடம் தொடர்ந்து பரிசோதித்தார்கள். நோய், வருத்தம் ஏதும் கண்டால் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். எனக்குச் சீனி வருத்தம் என்று கண்டுபிடித்ததும் அவர்கள்தான்.

முதல் வருடங்களில் குழுவில் ஒரு பிள்ளை வீடு வீடாக வந்து சொல்லிவிட்டுப் போவாள். நான் சொல்லும் அந்த வருடம் எல்லோருக்கும் கைத்தொலைபேசியில் செய்தி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பக்கத்தார் நிறையவே வந்தார்களாம். எங்கள் பக்கத்துப் பரிசோதனை நடந்த சனசமூக நிலையத்துக்கு வந்தது நானும் மூலை வீட்டு அக்காவும் இன்னும் ஓரிருவரும்தான். சாமான்களைக் கட்டும்போது அந்தப் பிள்ளை மெதுவாகச் சொன்னாள்.

"அன்ரி, அடுத்த ஞாயிறும் வருவம். அப்பவும் ஆக்கள் வராட்டி உங்கடை ஒழுங்கையை விட்டிட்டு வேறை இடம் எடுக்கப் போகினமாம்."

 காசு கொடுத்து இரத்தம் சோதிக்கிற ஆட்கள் எங்கள் ஒழுங்கையில் இல்லை. இவர்களும் போய்விட்டால், இன்னொரு வீட்டில் இன்னொருவர் விழும்வரை யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை.

ஏன் வரவில்லை என்று அக்கா விசாரித்தார். எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்களாம்: போனில் ஏதோ வந்தது, வாசலுக்கு வந்து யாரும் சொல்லவில்லையே. எங்களில் கலியாணமோ, பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீடோ, வீட்டுக்கு வந்து வாயால் சொன்னால்தான் அழைத்த கணக்கு. இல்லாவிட்டால் கூடப்பிறந்தவர்களே போக மாட்டார்கள்.

அக்காவைப் போய்ச் சொல்லும்படி கேட்டேன். "ஏன், உனக்குக் கால் இல்லையோ?" என்றார். கணவரை இழந்தவர்கள் நல்ல காரியத்துக்குச் சொல்லப் போவதில்லையே என்று தயங்கினேன். அக்கா சிரித்துவிட்டார்.

"உன்னைக் கலியாணத்துக்கே சொல்லச் சொல்லுறன்? ஊசி குத்திறதுக்கடி. நட, நானும் பின்னாலை வாறன்."

முதல் வீட்டில் குரலே வரவில்லை. அக்கா பின்னாலிருந்து முதுகில் இடித்தார். இரண்டு வார்த்தை சொன்னேன். அடுத்த வீட்டில் நாலு வார்த்தை. கடைசி வீடு, மோட்டார் சைக்கிளில் மீன் விற்கும் ஓர் அண்ணையுடையது. பெட்டி கழுவிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

"எனக்கென்ன வருத்தம்? கல்லு மாதிரி இருக்கிறன். உவையளுக்கு வேறை வேலை இல்லை."

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது.

"அண்ணை, என்ரை மனிசனும் உப்பிடித்தான் சொன்னவர். விழுந்த அண்டைக்குக் காலமையும் சொன்னவர். நீங்கள் வாங்கோ. நிலைய வாசலிலை நிண்டு பாத்துக்கொண்டிருப்பன்."

அவர் மனைவி குசினியிலிருந்து வந்து கதவோடு நின்றார். "சரி, பாப்பம்" என்றார் அண்ணை. பெட்டியை மறுபடி கழுவத் தொடங்கினார்.

ஞாயிறு விடிந்ததும் நான் போய்விட்டேன். குழு வந்தது. வாசலில் ஒருவரும் இல்லை. அந்தப் பிள்ளை நேரத்தைப் பார்க்க, நான் ஒழுங்கைப் பக்கம் எட்டி எட்டிப் பார்த்தேன்.

பிறகு வந்தார்கள். குடும்பம் குடும்பமாக, கோயிலுக்குப் போவதுபோல உடுத்திக்கொண்டு வந்தார்கள். பூ வைத்து வந்த ஒருத்தியைப் பார்த்து அக்கா, "என்னடி, பொம்பிளை பாக்க வருகினம் எண்டே நினைச்சனீ?" என்று கேட்க, வெறும் வயிற்றோடு நின்ற சனமெல்லாம் சிரித்தது. உட்கார வாங்குகள் போதாமல் பாய் விரித்தோம். கொண்டுவந்த ஊசிகளும் போதாமல், அந்தப் பிள்ளை போன் பண்ணி இன்னும் எடுப்பித்தாள்.

இரத்தம் கொடுத்தவர்களுக்கு அக்காவும் அயல் வீட்டுப் பெண்களும் இடியப்பமும் சொதியும் பரிமாறினார்கள். ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர்கூடக் குடிக்காதவர்கள் எங்கள் ஒழுங்கையில் இருந்தார்கள். அன்று எல்லோரும் ஒரே சட்டியிலிருந்து சாப்பிட்டார்கள்.

கடைசியாக மீன்கார அண்ணை மனைவியோடு வந்தார். "ஆவணி ஞாயிறு விரதம், ஊரிலை ஒருத்தரும் மீன் தொடாயினம். சும்மாதானே இருக்கிறன் எண்டு வந்தன்" என்றார். பிரஷர் பார்த்த பிள்ளை டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் மறுபடி பார்த்தார். உடனே வாகனம் பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் மூளையில் இரத்தக் குழாய் வெடித்திருக்கலாம் என்று பிறகு சொன்னார்களாம். இன்றைக்கும் காலையில் அவருடைய ஹோர்ன் சத்தம் கேட்டுத்தான் எங்கள் ஒழுங்கைப் பூனைகள் எழும்புகின்றன.

போகும்போது டாக்டர் எல்லோர் முன்னாலும், அந்தப் பக்கத்தைவிட இந்தப் பக்கத்தில்தான் இம்முறை ஆட்கள் கூடுதலாக வந்திருக்கிறார்கள் என்றார். சனம் கை தட்டியது. குழு எங்கள் ஒழுங்கையை விட்டுப் போகவில்லை. பரிசோதனை இன்றும் தொடர்கிறது. ஒவ்வொரு வருடமும் வீடு வீடாகச் சொல்லப் போவது நான்தான். இப்போது முதுகில் இடிக்க யாரும் தேவையில்லை.

ஒரு மனிதரின் வாசலில் நின்று, நீங்கள் சுகமாக இருக்க வேண்டும், வாருங்கள் என்று கூப்பிடுவதைவிட மங்களமான காரியம் வேறில்லை என்றுதான் ஒவ்வொரு வாசல் படலையையும் திறக்கும்போது நினைத்துக்கொள்கிறேன்.