ஏரிக்கடியில் ஒரு பொல்லாத ராணி

என் மாமியாருக்கு யாருடனோ தீராத பகை இருக்கிறது என்றே எங்கள் குடும்பம் அப்போது நம்பியது. மதியச் சாப்பாடு முடிந்ததும் கைப்பேசியை எடுத்துக்கொண்டு, ஏரிக்கரையில் ஏற்றிவைத்த எங்கள் படகின் மறைவுக்குப் போய்விடுவார். சற்று நேரத்தில் வசவுகள் காற்றில் வந்து விழும். கண்ணைப் பிடுங்குவேன் என்பார். உன் வம்சமே உப்புத் தண்ணீரில் ஊறிச் சாகும் என்பார். நண்டு வாங்க வரும் வியாபாரியோடுதான் சண்டை என்று என் கணவர் சொன்னார். மாமனாரோ, ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில் முறைத்துக்கொண்டு எழுந்துபோன தம் மைத்துனர்தான் எதிராளி என்று முடிவுகட்டி, இனிப்புப் பொட்டலத்தோடு அவர் வீட்டுக்குச் சமாதானம் பேசப் போனார். மைத்துனர் இனிப்பை முழுக்கத் தின்றுவிட்டு, “இன்னா மச்சான், வூட்ல எதனா விசேஷமா?” என்று கேட்டாராம்.

நான் பொன்னேரியில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை செய்கிறேன். விடுமுறை நாளொன்றில், படகின் மேல் உலர்த்தியிருந்த துணிகளை எடுக்கப் போனபோது அத்தையின் குரல் மிக அருகில் கேட்டது.

“உன் அண்ணன் நாக்கை அறுத்துத் தட்டில் வைத்துக் கொண்டுவா. முற்றுப்புள்ளி. அடுத்த பத்தி.”

முற்றுப்புள்ளி வைத்துத் திட்டுகிறவர்களை நான் அதுவரை பார்த்ததில்லை. எட்டிப் பார்த்தேன். அத்தை திருடி போல விழித்தார்.

நண்டு கடித்துக் கடித்துக் காய்த்துப்போன விரல்களால் எழுத்துகளைத் தேடித் தட்டச் சலித்து, கைப்பேசியிடம் வாயால் சொல்லியே எழுதக் கற்றிருந்தார் அவர். தொடர்கதைகள் வெளியாகும் ஒரு செயலியில் அவருடைய மாயக்கதை அதற்குள் பல பாகங்கள் கடந்திருந்தது. ஏரிக்கடியில் ஒரு நகரம். அதை ஆளும் ராணி, மீனவர்கள் மீது கோபம் வரும்போதெல்லாம், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணலைக் குவித்துக் கடலை உள்ளே விடாமல் தடுப்பாள். அவள் தங்கை பிறருடைய குரல்களைத் திருடிச் சங்குக்குள் அடைப்பாள். மந்திரி, ராணியின் கணவனுக்கு விஷம் வைத்துவிட்டு, விஷத்தில் உப்புக் குறைவு என்று சமையற்காரனைக் கடிந்துகொள்வான். நல்லவர் என்று சொல்ல ஒருவரும் இல்லை. அன்றிரவு நான் எல்லாவற்றையும் படித்தேன். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன்.

எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் கூடி இறால் உரிக்கும் கொட்டகையில் புதிய பாகத்தை உரக்கப் படிப்பது என் பொறுப்பாயிற்று. இரண்டே வாரத்தில் கொட்டகை ராணிக் கட்சி, எதிர்க்கட்சி என்று இரண்டாகப் பிளந்தது. எதிர்க்கட்சிக்குத் தலைமை அத்தையின் சொந்தத் தங்கை, எனக்குச் சின்னத்தை.

“இன்னா கதைக்கா இது? ஒருத்தி கூடவா நல்லவ இல்ல?”

“நல்லவளா இருந்தா அவளுக்கு இன்னாடி கதை? சோத்த ஆக்கி வெச்சுட்டுப் படுத்துனு இருப்பா,” என்றார் அத்தை.

“அந்த ராணியப் பாத்தா எனக்கு எங்க நாத்தனார் ஞாபகந்தான் வருது.”

“அப்ப இன்னும் நாலு பாகம் படி, உங்க நாத்தனாரப் புரிஞ்சுக்குவ!” என்று ராணிக் கட்சியிலிருந்து ஒருத்தி கத்த, இறால் தோல் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பறந்தது.

செயலியிலும் இதே நிலைதான். முகம் தெரியாத ஒருவர் ராணியின் திமிரை வானளாவப் புகழ்வார். அதன் கீழேயே இன்னொருவர், யார்மீதும் அன்பு வைக்க முடியாத கதையை எதற்குப் படிப்பது என்று கேட்டிருப்பார். முதலில் அத்தை இரண்டையும் ரசித்தார். பிறகு, புகழ்ந்தவற்றை மறந்து மற்றவற்றை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார். ஒருநாள் படகின் மறைவிலிருந்து சத்தமே வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

“நல்லவ ஒருத்தி வேணும்னா அது என் கதை இல்லம்மா. எப்படி அழிக்கறதுனு காட்டு. மொத்தமா அழிச்சுடறேன்.”

அடுத்த வாரம் காட்டுகிறேன் என்றேன். அவரது வசவுகள் இல்லாத அந்த மதியங்களில் வீடு யாரோ ஊருக்குப் போய்விட்டதைப் போல இருந்தது. வழிசொன்னவர் மாமனார்தான்.

“ஏம்மே, ரெண்டு கட்சியும் பாடு போட்டுக்கங்களேன்.”

ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடலாம் என்பதை ஊர் கூடிச் சீட்டெடுத்து முறைவைத்துக்கொள்வதற்குத்தான் எங்கள் பக்கத்தில் பாடு என்று பெயர். அதன்படி, ஒரு பாகம் ஒரு கட்சியின் விருப்பத்துக்கு, அடுத்தது மற்றதற்கு. அழிப்பதற்கு முன் ஒரு சுற்று பார்த்துவிடலாம் என்று அத்தையும் இணங்கினார். சீட்டு சின்னத்தைக்கே முதலில் விழுந்தது. அவர் கேட்டது ஒன்றுதான்: ராணி நல்லவளாக வேண்டும்.

அந்த ஞாயிறு நான் படித்தேன். ராணி ஒரு காலையில் மனம் கனிந்து எழுகிறாள். முகத்துவாரத்து மணலைத் தன் கையாலேயே வாரித் திறக்கிறாள். எதிர்க்கட்சியார் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு கரைக்கு வந்து, இனி எவரும் முறைக்காகக் காத்திருக்க வேண்டாம், யாரும் எங்கும் எப்போதும் வலை போடலாம் என்று அறிவிக்கிறாள்.

இறால் உரித்த கைகள் அப்படியே நின்றன.

“பாடு இல்லாமயா?” என்றார் சின்னத்தை.

நான் தொடர்ந்து படித்தேன். படகுகள் முட்டிக்கொண்டன, வலைமேல் வலை விழுந்தது, அண்ணன் தம்பி துடுப்பால் அடித்துக்கொண்டார்கள், குஞ்சு இறால்கூட மிஞ்சவில்லை. ராணி கரையில் நின்று எல்லோரையும் பார்த்துப் புன்னகைத்தாள்.

“அடிப்பாவி! பைத்தியமா புட்சிச்சு அவளுக்கு?” சின்னத்தை எழுந்தே நின்றுவிட்டார். “பாடு முறைய எடுத்துட்டா ஏரி இன்னாத்துக்கு ஆவும்?”

“நல்லவடி அவ. யாருக்கும் இல்லன்னு சொல்ல மனசு வரல,” என்றார் அத்தை.

“அந்த மனசுல மண்ணு வுழ! பழைய ராணியா இருந்தா ஒருத்தன் வலயத் தூக்கி இருப்பானா? கைய ஒடிச்சு இருக்க மாட்டா?”

ராணிக் கட்சி கூரை அதிரச் சிரித்தது. சிரிப்பு எதிர்க்கட்சிக்கும் தொற்ற, கடைசியில் சின்னத்தையும் தலையில் அடித்துக்கொண்டே சிரித்தார். நான் படிக்க முடியாமல் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டேன். வேண்டுமென்றே வைத்த கண்ணியா என்று பிறகு அத்தையிடம் கேட்டேன்.

“நல்லவ எப்படி யோசிப்பான்னு எனக்கு இன்னாம்மா தெரியும்? தோணினத வெச்சேன்.”

அழிப்பது எப்படி என்று அவர் அதன்பின் கேட்கவில்லை. அடுத்த முறை ராணிக் கட்சியுடையது. மறுநாள் மதியமே படகின் மறைவிலிருந்து ராணி பழையபடி கர்ஜித்தாள். தொடர் அவர் விரும்பிய இடத்தில், ஒருவரும் திருந்தாமலேயே, முடிந்தது. இப்போது அடுத்த கதையைத் தொடங்கியிருக்கிறார்.

செயலியில் ராணியைக் கொண்டாடியவர்கள் வேறு கதைகளுக்குப் போய்விட்டார்கள். கொட்டகையில் அவளுக்காகக் கத்தியவர்களில் சிலர் மீஞ்சூர்ப் பக்கம் வேலைக்குப் போகிறார்கள். ஞாயிறன்று அவர்களுக்குத் தூங்கத்தான் நேரம். சின்னத்தை மட்டும் ஒரு வாரமும் தவறாமல் வந்து, முதல் வரியிலிருந்து திட்டத் தொடங்குகிறார்.