சந்தனம் வைத்த தோட்டாக்கள்

எங்கள் பக்கத்து வீட்டு சேனாபதி அங்கிள், டெக்சஸில் நாங்கள் இருக்கும் பேர்லேண்டிலிருந்து தினமும் ஹூஸ்டனுக்குப் போய் ஐடி வேலை பார்ப்பவர். வேலையைப் பற்றிக் கேட்டால் இரண்டு வரி பேசுவார். நிலக்கடலையைப் பற்றிக் கேட்டால் நிறுத்த மாட்டார். ஊருக்கு வெளியே அவர் வாங்கிய நிலத்தில் போன வருடம் போட்ட மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்றிகள் தின்றுவிட்டன. இந்த வருடம் ஒரு மூலையில் கடலை. அதுவும் போனால் நிலத்தையே விற்றுவிடுவதாகத் தன் மனைவி மரகதம் ஆன்ட்டியிடம் சொல்லியிருந்தார்.

அதனால்தான் ஃபார்ட்டி ஃபோர் மேக்னம் ரிவால்வர் வாங்கினார். அதன் தோட்டாவின் வரலாற்றை வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்வார். பழைய ஃபார்ட்டி ஃபோர் ஸ்பெஷல் தோட்டாவில் வெடிமருந்தைக் கூட்டிக் கூட்டிச் சுட்டுப் பார்த்தவர்களால் பிறந்ததாம். ஐம்பதுகளில் கடைக்கு வந்தது. பழைய துப்பாக்கியில் போட்டால் துப்பாக்கியே சிதறக்கூடும் என்பதால், அதில் நுழையாதபடி தோட்டாவின் உலோகக் கூட்டைச் சற்று நீளமாகச் செய்தார்கள். மான், பன்றி வேட்டைக்கு ஆகும். கரடி நடமாடும் காடுகளிலும் பாதுகாப்புக்கு வைத்துக்கொள்கிறார்கள்.

"கரடிக்கே போதும்னா பன்னிக்குப் போதாதுங்களா?" என்பார்.

"மொதல்ல உங்க கை தாங்குதான்னு பாருங்க" என்பார் ஆன்ட்டி.

ஆயுத பூஜையன்று லேப்டாப், டிரில், கார் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். தோட்டாக்களையும் தட்டில் படுக்கவைத்து, ஒவ்வொன்றின் மேலும் தாராளமாகச் சந்தனம் அப்பினார். மறுநாள் விஜயதசமி. தொட்ட காரியம் ஜெயிக்கும் என்று மாலையில் நிலத்துக்குக் கிளம்பினார். கூடப் போன ஆன்ட்டியும் நானும் காரிலேயே இருந்தோம்.

வெயில் தாழ்ந்ததும் குட்டிகளோடு பன்றிகள் வந்தன. அங்கிள் துப்பாக்கியின் சிலிண்டரைத் திறந்து ஒரு தோட்டாவைப் போட்டார். பாதியில் நின்றது. அடுத்ததும் நின்றது. நகத்தால் சுரண்டினார், சட்டையில் தேய்த்தார். அதற்குள் பன்றிகள் மென்று தின்னும் சத்தம் கார் வரைக்கும் கேட்டது.

"ஏங்க, என்ன பண்றீங்க?"

"உள்ள போக மாட்டேங்குது மரகதம்! சந்தனம் காஞ்சு ஒட்டியிருக்கு!"

"சாமி கும்பிட்டீங்க சரி, தொடைச்சு வெக்க மாட்டீங்களா?"

ஆன்ட்டி ஹார்னை அழுத்திக்கொண்டே செடிகளின் ஓரமாகக் காரை விட்டார். பன்றிகள் சிதறி ஓடின. அங்கிள் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, தலை குனிந்து நின்றார்.

"மறுபடி வரும். இப்பவே புடுங்கிரலாம்" என்றார் ஆன்ட்டி.

"இன்னும் ஒரு வாரம் முத்தணும்..."

"பன்னி ஒரு வாரம் வெயிட் பண்ணுமா?"

மூவரும் பிடுங்கினோம். இருட்டுவதற்குள் மிஞ்சிய செடிகள் காரில் ஏறிவிட்டன. விற்கப்போகிற நிலத்தைக் கடைசியாகப் பார்ப்பதுபோல் அங்கிள் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஆன்ட்டி ஒரு காயை உடைத்து, மண்ணை ஊதித் தின்றார்.

"நல்லாத்தான் இருக்கு. அடுத்த வருஷம் மொதல்ல வேலி போடுங்க."