பந்தயம் முடியும்வரை

எங்கள் ஆட்களிடம் ஒரு கெட்ட பழக்கம். செத்தவீட்டுச் செய்தியை உரியவனிடம் கடைசியாகத்தான் சொல்வார்கள். சோதனை எழுதப் போகும் பிள்ளைக்கு மறைப்பார்கள், மணவறையில் இருப்பவளுக்கு மறைப்பார்கள். அதைப் பாசம் என்று வேறு சொல்லிக்கொள்வார்கள். எனக்கு ஒரு பனிக்காலப் பந்தயத்துக்காக மறைத்தார்கள்.

முதலில் ஓட்டம், பிறகு சைக்கிள், கடைசியில் ஐஸில் சறுக்கல். மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். துறைமுகப் பக்கம் கிட்டங்கியில் பெட்டி தூக்குகிற, நாற்பது தாண்டிய தனிக்கட்டைக்கு இது என்ன தேவை என்று கோயிலில் நக்கலடித்தார்கள். எனக்கு வீம்பு ஏறிவிட்டது. ஊரிலிருந்த அம்மா மட்டும் போன் எடுக்கும்போதெல்லாம், "விழுந்து கைகாலை முறிச்சுப்போடாதை" என்பார்.

முதல்நாள் பின்னேரமே டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகரிலுள்ள அண்ணை வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் அவர் காரில் கூட்டிப்போவதாக ஏற்பாடு. இரவுச் சாப்பாட்டின்போது, "போனை என்னட்டைத் தா. இந்தக் குளிருக்கு பற்றரி செத்துப்போகும்" என்றார். கொடுத்தேன். அண்ணை சொன்னால் ஏன் எதற்கு என்று கேட்டுப் பழக்கமில்லை.

விடியும் முன்னரே புறப்பட்டோம். அண்ணையின் ஒரு காதில் இயர்போன் இருந்தது. "கிரிக்கெட்டே?" என்று கேட்டேன். "ஓம்" என்றார்.

ஆற்றங்கரையில் காற்று முகத்தை அறுத்தது. ஓட்டம் பரவாயில்லை. சைக்கிளில் தண்ணீர்ப் போத்தல் கல்லாகிவிட்டது. விரல்கள் மரத்து பிரேக்கைப் பிடிக்க முடியவில்லை. சறுக்கலில் விழுந்து எழும்பி விழுந்து எழும்பிப் போனேன். கிழவர்களெல்லாம் என்னைத் தாண்டினார்கள். ஆனாலும் முடித்தேன். எல்லைக் கோட்டில் நின்ற அண்ணையைக் கட்டிப்பிடித்தேன். அவர் என்னை விடாமல் அழுதார். தம்பியை நினைத்துப் பூரித்துப்போய் அழுகிறார் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

காரில் ஏறி ஹீட்டரைப் போட்ட பிறகுதான் சொன்னார். "அம்மா மோசம் போயிட்டா, தம்பி. நேற்று. எல்லாம் முடிஞ்சுது."

காலையில் அவர் காதில் கேட்டுக்கொண்டிருந்தது அம்மாவின் செத்தவீடு. போனில் ஓடிய நேரலையில் பறையையும் அழுகுரலையும் கேட்டபடி, பக்கத்தில் என்னை வைத்துக்கொண்டு கார் ஓட்டியிருக்கிறார்.

தகப்பனுக்கு மூத்தவனும் தாய்க்கு இளையவனும் கொள்ளி வைப்பது எங்கள் முறை. அம்மாவுக்கு இளையவன் நான்.

"ஆர் கொள்ளி வைச்சது?"

"சித்தப்பாவின்ர பெடியன்."

"ரெண்டு நாள் வைச்சிருக்கச் சொல்லியிருக்கலாமே. நான் போயிருப்பனே."

"அது தெரிஞ்சுதான் சொல்லேல்லை. வருசக்கணக்காப் பாடுபட்டனி. குழப்பக் கூடாதெண்டு நினைச்சன்."

அந்த நேரத்தில் அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. விரல் மடங்காததால் அதுகூட முடியவில்லை.

ஆண்டுத்திவசத்துக்கு ஊருக்குப் போனேன். வாசலில் நின்ற சின்னம்மா என்னை உள்ளே வா என்று சொல்லவில்லை. "தாயைவிட ஓட்டம் பெரிசாப் போச்சு, என்ன?" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அவரே சொன்னார். செத்தவீட்டன்று, எனக்காகப் பிரேதத்தை வைத்திருக்கலாமா என்று அங்கிருந்து கேட்டிருக்கிறார்கள். அண்ணை சொன்ன பதில் இதுதான்: "அவனுக்கு ஒரு போட்டி இருக்கு. வரமாட்டான். நீங்கள் எடுங்கோ."