வாசகசாலையில் கிடைத்த கற்கள்

வாசகசாலை விதிகளில் ஒன்பதாவது இப்படிச் சொல்கிறது: "எக்காரணத்தாலும் வாசகசாலையை மூட நேர்ந்தால், ஒரு மாதம் முன்னதாக வாசலில் அறிவிப்பு ஒட்டி, அங்கத்தினர் கூட்டம் கூட்டி, பெரும்பான்மையோர் சம்மதம் பெற்ற பின்னரே மூடலாகும்." எழுதியவன் நான். சுத்தப் பிரதி எடுத்தவர் என் நண்பர். கையெழுத்து அவருக்கு முத்து முத்தாக இருக்கும்.

நாங்கள் இருவரும் வேலூர்ப் பக்கத்தில் ஒரே பள்ளியில் படித்துத் தேறி, ஒரே மாட்டு வண்டியில் கோலார் தங்க வயலுக்கு வந்தவர்கள். அப்போது ரயில் இல்லை. ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டோம். மழைக்காலத்தில் ஒரே குடையில் ஆபீசுக்குப் போனோம். பிறகு நான் சுரங்க ஆபீசில் கூலிக் கணக்கு எழுதுகிறவனாகவே இருந்துவிட்டேன். அவர் ஹெட் கிளார்க் ஆனார். கூலி லைன் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் வாசகசாலை தொடங்கியபோது நான் காரியதரிசி, அவர் பொக்கிஷதாரர். தலைவர் ஒரு துரை. ஆண்டுக்கு ஒரு முறை வந்து, கூரை ஒழுகுகிறதா என்று கேட்டுவிட்டுப் போவார். ஒழுகுகிறது என்று ஆண்டுதோறும் சொன்னோம்.

கொட்டகையில் படிக்கிறவர்கள் குறைவு. கேட்கிறவர்கள்தான் கூட்டம். ஷிப்டு விட்டு, சங்கு ஊதி, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வந்தவர்கள் மண்ணும் வியர்வையுமாக அப்படியே வந்து உட்காருவார்கள். சென்னைப் பத்திரிகையை ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும். அதற்கென்று ஒரு விதவையை நியமித்திருந்தோம். மிஷன் பள்ளியில் படித்தவர். இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தாய். எல்லோரும் வாத்தியாரம்மா என்பார்கள். தலையங்கத்தில் அவர் தொடங்க மாட்டார். முதலில் வடாற்காட்டில் எங்கெங்கே மழை, பிறகு அரிசி விலை, பிறகு யார் யாருக்கு வாந்திபேதி. ஊரில் நிலத்தையும் பெற்றவர்களையும் விட்டு வந்தவர்களுக்கு அதுதான் உலகச் செய்தி. சட்டசபைச் சமாசாரம் கடைசியில் வரும். அதற்குள் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள். பேத்தமங்களாவிலிருந்து கீரை கொண்டுவரும் தெலுங்குக்காரப் பெண்கள்கூடக் கூடையை இறக்கி வைத்துவிட்டு நிற்பார்கள். அவர்களுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. மழை என்ற இடத்தில் தலையாட்டுவார்கள்.

ஒரு வருஷம் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. லாபம் குறைந்துவிட்டதாம், தர்மச் செலவுகளைப் பரிசீலிக்க வேண்டுமாம். பள்ளிக்கூடம், மருந்து கொடுக்கும் இடம், வாசகசாலை ஆகிய மூன்றும் தங்களால் பயனடைந்தோர் தொகையை அரையாண்டுக்கு ஒரு முறை அனுப்ப வேண்டும். தொகை சிறுத்த இடத்துக்கு மானியம் கிடையாது.

எங்கள் தொகை, வாசலில் இருந்த வருகைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டவர்களின் தொகை. போட்டவர்கள் சில குமாஸ்தாக்களும் ஓர் உபதேசியாரும் மட்டுமே. மற்றவர்களுக்குக் கையெழுத்துத் தெரியாது. கைநாட்டு வைக்கச் சொன்னால் எழுந்தே போய்விடுவார்கள். அவர்கள் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை கைநாட்டு வைத்திருந்தார்கள், ஆள் பிடிக்க வந்த மேஸ்திரியின் தாளில். அதன் பலனாகத்தான் பூமிக்கு அடியில் இருந்தார்கள். பத்திரிகை கேட்பதற்காக இன்னொரு முறை வைக்க அவர்களுக்குப் பைத்தியமா?

ஆக, கொட்டகை நிரம்பி வழிந்தது. அறிக்கையில் காலியாக இருந்தது. மானியம் போனால் முதலில் போவது வாத்தியாரம்மாவின் சம்பளம். அவர் வீட்டில் அடுப்பு எரிவதே அதில்தான்.

நான் முறைப்படி யோசிக்கிறவன். அறிக்கையில் 'வாசிப்போர்' என்ற கலத்துக்குப் பக்கத்தில் 'கேட்போர்' என்று ஒரு கலம் சேர்க்க அனுமதி கேட்டேன். கிடைத்தது. எண்ணுவதுதான் சிக்கல். உள்ளே வருகிற ஒவ்வொருவரும் ஒரு பெட்டியில் ஒரு புளியங்கொட்டை போடட்டும் என்றேன். நண்பர் சிரித்தார்.

"கொட்டைய எலி தூக்கிகினு போயிடும்பா. வாசல்ல கல்லு கொட்டிக் கெடக்குது. ஆளுக்கு ஒண்ணு போடச் சொல்லு."

சொன்னேன். மகிழ்ச்சியாகப் போட்டார்கள். கைநாட்டு வேண்டாம், பெயர் வேண்டாம், குனிந்து ஒரு கல்லை எடுத்தால் போதும். ஒருவன் கேட்காமல் தூங்கிவிட்டால் பக்கத்திலிருப்பவன், "உன் கல்ல எடுத்துகினு போய்யா" என்பான். வாத்தியாரம்மாவே பெட்டியை ஆட்டிப் பார்த்து, இன்றைக்கு மழைச் செய்தி நன்றாக இருந்திருக்கிறது என்பார். பெட்டி நிறைந்துகொண்டே வந்தது. வாழ்நாளில் நான் தயாரித்த அறிக்கைகளிலேயே உண்மையானது அதுதான்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் கல் என்பது வெறும் கல் அல்ல. தங்கம் வெள்ளைக் கல்லுக்குள் ஓடுகிறது. அந்தக் கல் ஒருவன் மடியில் இருந்தால் ஜெயில், வீட்டில் இருந்தால் விசாரணை. தங்கம் இல்லாத வெள்ளைக் கல்லைச் சுரங்க நிர்வாகத்தாரே வண்டி வண்டியாகக் கொண்டுவந்து லைன் பாதைகளில் பரப்பியிருந்தார்கள், எங்கள் வாசல் உட்பட. பாதையில் கிடக்கிற வரையில் அது கல். பெட்டிக்குள் விழுந்தால் தடயம்.

அரையாண்டு அறிக்கை போகவேண்டிய வாரத்தில், மாலை வாசிப்பின் நடுவே காவல்காரர்கள் வந்தார்கள். நேராகப் பெட்டிக்குப் போனார்கள், வேறெதையும் தேடவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பின்பக்கத் தட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். வாத்தியாரம்மா பத்திரிகையைக் கையில் வைத்தபடி நின்றார். பெட்டியைத் தூக்கினார்கள், கதவுக்கு முத்திரை வைத்தார்கள். விதியைக் காட்டினேன். மூடவில்லை, முத்திரைதான் வைத்திருக்கிறது என்றார் அவர்களோடு வந்த அதிகாரி. மூடுவதற்குத்தான் ஒரு மாத அறிவிப்பு வேண்டும். என் விதியில் இருந்த ஓட்டையை எனக்கே காட்டியவர் அவர் ஒருவர்தான்.

கமிட்டி கூடியது. கல் போடுகிற ஏற்பாடு காரியதரிசியின் சொந்த யோசனை, தமக்கு அதில் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று பொக்கிஷதாரர் நின்றுகொண்டு சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை. துரை, கூரையைப் பற்றிக் கேட்கிற அதே குரலில், வருந்தத்தக்கது என்றார். விசாரணை முடியும்வரை மானியத்தைக் குமாஸ்தாக்கள் கிளப்புக்குக் கொடுப்பதென்று தீர்மானம் நிறைவேறியது. கிளப்பின் தலைவர் என் நண்பர். தீர்மானத்தின் வாசகம் அழகாக, பிழையில்லாமல் இருந்தது. கூட்டத்துக்கு முன்பே எழுதியது என்று மையின் நிறத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

வெளியே வந்ததும் அவரை வராந்தாவில் நிறுத்தினேன்.

"கல்லுன்னு சொன்னது நீதானே?"

"சொன்னேன். இல்லன்னு உன்கிட்ட சொல்லலியே."

"அங்க ஏன் சொல்லல?"

"நீ எழுதி வாங்கினியா? எழுத்துல இல்லாதத எங்கயும் ஒத்துக்காதேன்னு எனக்குக் கத்துக் குடுத்ததே நீதான்பா." என் தோளில் கை வைத்தார். "மூணுல ஒண்ண வெட்டணும்னு ஆர்டர். பள்ளிக்கூடத்த வெட்டினா பாதிரியாரு சும்மா இருப்பாரா? மருந்த வெட்டினா சனங்க சும்மா இருக்குமா? உனக்குன்னு யாரு இருக்காங்க சொல்லு."

"காவல்காரங்களுக்குச் சொன்னது?"

"அது என் டியூட்டி" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

விசாரணை வாத்தியாரம்மாவைத்தான் சுற்றியது. பெட்டி அவர் நாற்காலிக்கு அடியில் இருந்ததாம். இரண்டு முறை கூப்பிட்டு, கல்லை யாருக்கு விற்றாய் என்று கேட்டார்கள். திருடி என்று நிரூபிக்கவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. மிஷன் பள்ளியில் உதவி வேலை கேட்கப் போனவரிடம், முடிவு தெரிந்த பிறகு வாருங்கள் என்று பாதிரியார் மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்.

கற்களை உடைத்துச் சோதிக்க வேண்டும், முடிவை எழுத்தில் தர வேண்டும் என்று விண்ணப்பம் போட்டேன். எந்த இலாகாவுக்கு, எந்த வழியாக, யாருக்கு நகல் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. நினைவூட்டுக்கு மேல் நினைவூட்டு அனுப்பினேன். எல்லாம் ஹெட் கிளார்க் மேஜை வழியாகத்தான் மேலே போக வேண்டும். அதுதான் முறை. முறையை மீற எனக்குத் தெரியாது.

ஞாயிறுதோறும் கோயில் விட்டு வருகிற வழியில் வாத்தியாரம்மா என் வீட்டு வாசலில் நிற்பார். "பதில் வந்துச்சாங்க?" என்பார். இல்லை என்பேன். ஒரு ஞாயிறு மட்டும் கூட ஒன்று கேட்டார்.

"ஐயா, இன்னா எழுதறீங்கன்னு எனக்குத் தெரியாது. அதுல நான் திருடலன்னு எங்கயாவது எழுதிக்கீறீங்களா?"

எழுதவில்லை. கற்களின் தன்மையைப் பற்றித்தான் எழுதியிருந்தேன். விண்ணப்பத்தின் பொருளுக்கு அப்பாற்பட்டதை எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதை அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த விண்ணப்பத்தில் அந்த வரியையும் சேர்த்தேன். திருப்பி அனுப்பினார்கள்.

சித்திரையில் அவர் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, இரண்டு பெண்களோடு அரக்கோணத்துப் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குப் போனார். ஸ்டேஷனுக்கு நானும் போயிருந்தேன். கொட்டகையில் கல் போட்டவர்களில் யாரும் வரவில்லை. வந்தால் பெயர் எழுதிக்கொள்வார்கள் என்று பயம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கிளப்பில் அன்று சீட்டுப் போட்டி நடந்தது. எங்கள் பெஞ்சுகளில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

பதில் வந்தது. சோதித்த கற்களில் தங்கம் இல்லை, முத்திரையை நீக்கலாம், வாசிப்பவர் மீது குற்றம் ஏதும் இல்லையாதலால் பழைய சம்பளத்தில் அவரே தொடரலாம். தேதி, ஆனி மாதம் கடைசி வெள்ளிக்கிழமை.